அண்ணாந்து பார்க்கிற வேலை

ரோட்டிலிருந்து பார்த்தால்
பந்தலின் மேல்பக்கம் தெரியும்.
போஜன் புல்லட்டை நிறுத்தி
பச்சையைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போவார்.

எனக்குச் சம்பளம் அடிப்பக்கத்துக்கு.
ஏழு மணியிலிருந்து நாலு மணி வரை
கழுத்து பின்னால் மடிந்தே கிடக்கும்;
வீட்டில் சோறு வடிக்கும்போதுதான்
தரை என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரும்.

குமுளி மலையிலிருந்து மஞ்சு இறங்கி
சுருளிப்பட்டி வாய்க்கால் வரை வந்து
போகாமல் நின்ற வாரம்,
கவாத்து முடிந்து முப்பத்தெட்டாம் நாள்,
இலையில் எண்ணெய் தெறித்த மாதிரி ஒரு மஞ்சள்.
இங்கே யார் தாளித்தார்கள்?
புரட்டினேன்.
கைக்குழந்தை உதட்டில் பால் காய்ந்த வெள்ளை.
அடிச்சாம்பல்.
பூவில் ஏறினால் கொத்து என்று ஒன்று மிஞ்சாது.

மயில்துத்தம் ஒரு பீப்பாயில்,
சுண்ணாம்பு இன்னொன்றில்.
நீலத்தைத்தான் வெள்ளையில் ஊற்ற வேண்டும்,
அவசரத்தில் மாற்றி ஊற்றுகிறவர்கள் உண்டு.
கலக்கிவிட்டு என் அரிவாளை முக்கிப் பிடித்தேன்.
எடுத்தபோது விளிம்பில்
புதுக்காசு நிறத்தில் செம்பு ஏறியிருந்தது.
இன்னும் ரெண்டு கை சுண்ணாம்பு.
மறுபடி முக்கினேன்,
இரும்பு இரும்பாகவே வந்தது.

இப்ப அடி, என்றேன் ஒச்சப்பனிடம்.
கீழேயிருந்து மேலே.
மழை மாதிரி அடிக்காதே,
மழைக்கு அடிப்பக்கம் தெரியாது.
அன்றைக்குச் சாயங்காலம்
எல்லோருக்கும் நீலப் புருவம்.

காய் பிடித்து, பருத்து, கறுக்கத் தொடங்கி,
நடுவில் பறவைக்கண் புள்ளி பட்ட கொடிகளை
வெட்டிக் கொளுத்தி,
குரியாக்கோஸ் முன்பணமும் கொடுத்து,
அறுப்புக்கு ஒன்பது நாள் இருக்கையில்
வாய்க்கால் ஓர வரிசையில்
கல்தூணில் எறும்பு ஏறியது.

எறும்புக்கு மேலே என்ன வேலை?
அதன் பின்னாலேயே கண்ணை அனுப்பினேன்.
காம்பிடுக்கில் மாவு. விரலில் பிசுபிசுப்பு.

போஜன் புட்டியோடு வந்தார்.
அடித்தபின் முப்பது நாள் பறிக்கக் கூடாதென்று
அதன் வயிற்றில்
எறும்பைவிடப் பொடியான எழுத்தில் இருந்தது.
'வியாழக்கிழமை லாரி மலை ஏறிரும்.
அப்புறம் யார் வீட்டுப் பழமோ.'

மலைக்கு மேலே வண்டன்மேட்டில்
ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்
அங்கேயே தங்கிவிட்ட என் தங்கச்சி வனத்தாய்
சனிக்கிழமை கூலியில்
பன்னீர்த் திராட்சைதான் வாங்குவாள்.
அவள் பிள்ளை கழுவித் தின்கிற ஜாதி இல்லை.

நான் அதைச் சொல்லவில்லை.
மருந்து விலை, ஆள்கூலி,
வெட்டினால் போவது எழுபது கிலோ:
கணக்கை மட்டும் சொன்னேன்.
சரியென்றும் சொல்லாமல் வேண்டாமென்றும் சொல்லாமல்
புட்டியை மோட்டார் ரூம் பரணில் வைத்துவிட்டுப் போனார்.

மாவுக் கொத்துகளை வெட்டி
முழங்கால் ஆழத்தில் புதைத்தோம்.
செதில் செதிலாய்க் கிளம்பிய பட்டையை உரித்தோம்.
தூணுக்குத் தூண் கிரீஸ் பட்டை போட்டோம்.
புதிதாய் வந்த செல்வமாரி
பஞ்சாய் ஒன்றை நசுக்கப் போனாள்.
கையைத் தட்டிவிட்டேன்.
இதுவும் வெள்ளை, இதுவும் மாவு,
ஆனால் மாவைத் தின்கிற மாவு.
பொறிவண்டுக் குஞ்சு.
எப்படிக்கா தெரியும், என்றாள்.
தொட்டுப் பார், பூச்சி யோசிக்கும், இது ஓடும்.

புதன் ராத்திரி மோட்டார் சத்தம் கேட்டதாக
ஒச்சப்பன் சொன்னான்.
தண்ணீர் மோட்டாரா மருந்து மோட்டாரா,
தூக்கத்தில் பிடிபடவில்லையாம்.

வியாழன் விடியலில் லாரி வந்து நிற்கிறது.
பரணில் புட்டி இல்லை.
கத்தரியும் கூடையுமாய்ப் பதினோரு பெண்கள்
என் வாயைப் பார்த்து நிற்கிறார்கள்.
இலை ஈரமாகத்தான் இருக்கிறது,
மார்கழிப் பனிக்கு எந்த இலைதான் காய்ந்திருக்கும்.
மோந்து பார்த்தேன், கிரீஸ் வாடைதான் முந்துகிறது.

வாய்க்கால் ஓர வரிசை, ஏழாவது தூண்,
ஒரு இலையின் அடியில்
வெள்ளையாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
துடைப்பக் குச்சியால் தொட்டேன்.
சும்மா இருந்தது.
இன்னொரு தடவை தொட்டேன்.
குரியாக்கோஸ் ஹாரன் அடித்தார்.

பஞ்சுக்கு அடியிலிருந்து
ஒரு கால் வந்தது. பிறகு
நரம்பைத் தாண்டி மேலே ஓடியது.

கூடையை எடுங்கடி, என்றேன்.