ஐந்தா ஆறா

குன்னூர் பெட்ஃபோர்டில்
நான் பல் பிடுங்கும் அறைக்கு நேர் கீழே
எழுபத்து மூன்றாம் வருடத்து எம்.ஜி. மிட்ஜெட் நிற்கிறது.
குள்ளம். இரண்டே இருக்கை.
மழையைப் பாதி மட்டும் தடுக்கும் துணிக்கூரை.
"டாக்டரம்மா சோப்பு டப்பாவுல வர்றாங்க"
என்பது என் காதில் விழுவதில்லை.

திங்கள் முதல் அதற்குத் தொண்டை கட்டியிருக்கிறது.
சோக்கை இழுத்தால் இருமல், விட்டால் மௌனம்.
நான்கு பிளக்கையும் கழற்றிக்
கருவித் தட்டில் கிடத்தி
வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியால் பார்த்தேன்.
கரி.
வெற்றிலைக் கறை சுரண்டிப் பழகிய கை
இதையும் சுரண்டிப் போட்டது.
வியாழக்கிழமை மறுபடி கரி.

ஆறாயிரம் அடியில் காற்று மெலிசு.
கார்புரேட்டருக்கு யாரும் சொல்லவில்லை.
இரண்டு பேர் சாப்பிடும் வீட்டில்
ஐந்து பேருக்கு உலை வைப்பதுபோல்
கீழ்நாட்டுக் கணக்கில் பெட்ரோலை ஊற்றுகிறது.

"உங்க வண்டியில இருக்கறது ஆறு. அது குளிர்ச்சி.
ஐந்து சூடு" என்றார் ஸ்பேர்ஸ் கடை ஷாஜகான்.
"இந்தக் கம்பெனிக்கு அப்படி.
அந்தக் கம்பெனியில நம்பர் ஏற ஏறச் சூடு."
இரண்டு அட்டைப்பெட்டி, ஒரே விலை.
சூடானதற்குப் பீங்கான் மூக்கு நீளம்;
மேலே படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும்.
குளிர்ந்தது
வந்த வெப்பத்தை வந்த வேகத்தில்
இரும்பிடம் தள்ளிவிட்டுச் சும்மா இருக்கும்.
என் நாத்தனார்கள் இருவரும் இப்படித்தான்.

ஐந்து வாங்கினேன்.
இடைவெளி, புள்ளி ஆறு மில்லிமீட்டர்.
ஒருவர் வாயில் இவ்வளவு இருந்தால்
ஆட்டுக்கறி மாட்டும்.
இங்கே மின்னல் தாண்ட வேண்டும்.

சனிக்கிழமை கோவைக்கு இறங்கினேன்.
பக்கத்து இருக்கையில் சாக்குத்துணி விரித்து
எல்லநள்ளி பெள்ளியின் மேல்தாடை,
ரன்னிமேடு ரோஸலினின் இரண்டு கடைவாய் அச்சு.
பதினான்கு கொண்டை ஊசியிலும்
மூன்று வாய்களும் கடகடவென்று பேசிக்கொண்டு வந்தன.
வண்டி ஒரு வார்த்தை முனகவில்லை.

திரும்பும்போதுதான்.
அச்சுகளுக்குப் பதில் பஞ்சில் சுற்றிய பீங்கான் பற்கள்,
கல்லாறு வெயில்,
முன்னால் கேஸ் சிலிண்டர் லாரி, எனக்கு இரண்டாம் கியர்.
டப்பாவில் புளியங்கொட்டை குலுக்கும் சத்தம்
பானட்டுக்குள்ளிருந்து.
பர்லியாறில் ஓரம் கட்டிச் சாவியை உருவினேன்.
சாவி என் கையில்.
எஞ்சின் ஓடுகிறது.
டுக்... டுக் டுக்...
பொறியும் வேண்டாம், என் உத்தரவும் வேண்டாம்
என்று தன் சூட்டிலேயே.
மங்குஸ்தான் விற்கிற பெண் கூடையைத் தள்ளி வைத்தாள்:
"பேய் புடிச்சிருக்கு டாக்டர்."
எல்லாம் அணைத்த பிறகும் அப்படி ஓடிய
ஒன்றரை வருடம் எனக்கும் உண்டு.
அதை இங்கே எழுதப் போவதில்லை.

இரவு கழற்றினேன்.
முனைகள் சுண்ணாம்பு வெளுப்பு.
ஆறில் கரி, ஐந்தில் காய்ச்சல்.
ஐந்தரை என்று ஒன்று எங்கும் விற்பதில்லை.

ஈறு அழுகியிருக்கப் பல்லைக் குறை சொல்லாதீர்கள் என்று
பதினேழு வருடமாக
நாளைக்கு நாலு பேரிடம் சொல்கிறவள்
பல்லை மாற்றிக்கொண்டிருக்கிறேன்!

பழைய ஆறையே துடைத்து மாட்டினேன்.
டார்ச்சை வாயில் கவ்விக் குனிந்தேன்.
கார்புரேட்டர் இரண்டு;
ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஆறுமுக நட்டு.
இரண்டு முகம் மேலே திருப்பினேன்.
உலையில் அரிசி குறைந்தது.
இனி மாதம் இருமுறை
கல்லாறு பாலத்தில் நிறுத்தி இரண்டு முகம் கீழே,
திரும்பி வருகையில் அதே இரண்டு முகம் மேலே.
முருகா என்று சொல்லிக்கொள்ள வசதி.

பத்து நாள் கழித்துப் பார்த்தால்
ஒன்று, இரண்டு, நான்கு
ஊட்டி வர்க்கியின் அடிப்பக்க நிறம்.
அதைவிட நல்ல நிறம் பிளக்குக்குக் கிடையாது.

மூன்றாவது மட்டும் எண்ணெய்க் கறுப்பு.
அது பிளக் விஷயமில்லை, பிஸ்டன் வளையம்.
இந்த மழைக்காலத்தில் அதைப் பற்றி
நான் யோசிப்பதாக இல்லை.
கையில் பெட்ரோல் வாசனை, மூன்று முறை கழுவியும்.
மாடியில் ஒருவர்
வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.