நிலுவைக் காசோலை

பாயான் லெப்பாஸில் பதினெட்டு ஆண்டு
சில்லு செய்தேன்.
சரியாகச் சொன்னால்
செய்தவர்களைக் கணக்கெடுத்தேன்.
பத்து லட்சத்தில் மூன்று பழுது என்றால்
எனக்குத் தூக்கம் வராது.

அந்தத் தகுதியில்தான்
டத்தோ கிராமாட் சாலையில்
சைக்கிள் கடை மாடியில் இயங்கும்
நாடகக் குழுவுக்கு என்னைத் தலைவராக்கினார்கள்.
வங்கியில் எண்ணூற்றுப் பன்னிரண்டு ரிங்கிட்.
வாடகை மூன்று மாதம் பாக்கி.
பெட்டியில் ஏழு கிரீடம்,
ராஜா வேடத்துக்கு ஆள் இல்லை.

முதல் கூட்டத்துக்கு வெள்ளைப் பலகை வாங்கி மாட்டினேன்.
நம் வாடிக்கையாளர் யார்? என்று கேட்டேன்.
மின்விசிறி மட்டும்
இல்லை இல்லை என்று தலையாட்டியது.
விளக்குக்காரர் ஊய்,
தமிழ் தெரியாமலே இருபது தமிழ் நாடகத்துக்கு
விடியலும் அந்தியும் போட்டவர்,
ஆள் வந்துவிட்டாரோ என்று வாசலைப் பார்த்தார்.

குறிக்கோள், அளவுகோல், காலக்கெடு:
மூன்று நிறத்தில் எழுதினேன்.
தாமதமாக வந்தால் இரண்டு ரிங்கிட் என்றேன்.
கோகிலவாணி பையைத் திறந்து
பத்து ரிங்கிட் எடுத்து வைத்தாள்.
"இந்த வாரத்துக்கு, அண்ணே."
அவள் தாதி. ஷிப்டு முடித்து
பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி பிடித்து வருகிறவள்.

சம்பளம் கொடுக்காத ஆளிடம்
எதைப் பிடிப்பது?
வேலையை விட்டுத் தூக்குவேன் என்றால்
நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள்.
இத்தனை காலம் என் தலைமை என்று நான் நினைத்ததில்
பாதிக்கு மேல் சம்பளத் தேதிதான் என்பது
அன்றிரவு பாலத்து நெரிசலில் தெரிந்தது.

விடவில்லை.
கடிகாரம் வைத்து ஒத்திகையை அளந்தேன்.
இரண்டு மணி நேரத்தில் நடிப்பு நாற்பத்தொரு நிமிடம்.
மீதியெல்லாம் நிறுத்தம்.
இந்த அம்மா இப்படிப் பேசமாட்டாளே, ஒரு நிறுத்தம்.
கதவு எந்தப் பக்கம், ஒரு நிறுத்தம்.
பதினாறு வயது கிஷோன், காவலாள் வேடம், ஒரே வசனம்,
"நான் ஏன் இப்ப உள்ளே வரேன்?" என்று கேட்டு
மொத்த அரண்மனையையும் நிற்க வைத்தான்.
யாருக்கும் பதில் இல்லை,
எழுதியவருக்கும்.
அந்தக் காட்சியே போனது.

விரயம் என்று எழுதக் கை போயிற்று.

தொழிற்சாலையில் எங்கள் வரிசைக்கு மேலே
ஒரு மஞ்சள் கயிறு ஓடும்.
பிழை கண்டவர் எவரும் இழுக்கலாம்,
எல்லாம் நிற்கும்.
சுவரில் என் கையெழுத்தோடு அப்படித்தான் இருந்தது.
மொத்தம் நான்கு முறை இழுத்தார்கள்.
நான்காவது ஆள் ஸுல்கிஃப்லி.
இழுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.
அதன் பிறகு ஒருவரும் இழுக்கவில்லை.
நானோ அதைத்
தரம் என்று அறிக்கை எழுதினேன்.

பலகையை முழுக்கத் துடைக்கவில்லை.
ஒரு வரி நிற்கிறது:
கொடுக்க வேண்டியதைச் சொன்ன தேதியில் கொடு.
ஐந்து கிரீடங்களைக் கல்யாண ஸ்டூடியோவுக்கு வாடகைக்கு விட்டு
வீட்டுக்காரர் பாக்கியை அடைத்தேன்.
நாடகம் முடிந்த மறுநாளே
ஊய் கையில் இருநூற்றைம்பதுக்குக் காசோலை.
பதினோரு ஆண்டில் இதுதான் முதல் தடவையாம்.

அவர் அதை வங்கியில் போடவில்லை.
ஐந்து மாதமாக என் கணக்கில் நிலுவை.
தணிக்கைக்காரி கேட்கிறாள்.
போன் செய்தேன்.
"போட்டால் அங்கே காசு குறையுமே" என்றார் மலாயில்.
"அடுத்த நாடகம் எப்போது?"
ஆறு மாதம் போனால் செல்லாது என்றேன்.
"அப்போ வேறே எழுதிக் கொடு."

எழுதிக்கொண்டிருக்கிறேன்.
தேதி போடும் இடத்தில் பேனா நிற்கிறது.
கிஷோன் படியேறி வரும் சத்தம்.
பத்து நிமிடம் தாமதம்.
இரண்டு ரிங்கிட்.