இருநூற்றுப் பதினாலு விரிப்புகள்

பீல் நகரில் தெருப்பெயர்கள் இரண்டு மொழியில் தொங்கும்.
ரயில் நிலையத்துக்குப் பின்னால்
ஐந்து மருத்துவமனைகளின் அழுக்குத் துணி வந்திறங்கும்
சலவைக்கூடத்தில்
ஒரே பிழையை இரண்டு மொழியிலும் என்னிடம் சொல்வார்கள்.
மூன்றாவது மொழியில் நான் அதைக்
கோயம்புத்தூருக்கு அனுப்புவேன்.

நான் நிரல் எழுதுவதில்லை.
துணி துவைப்பதும் இல்லை.
அப்ப ஏழு மாசமா அங்க என்ன செய்யிறீங்கள் என்று மகன் கேட்டான்.
திகதி வைக்கிறேன் என்றேன்.
கலியாணத்துக்கு வைக்கிற மாதிரியா?
ஓம். ஆனால் இங்கே பெண்ணும் மாப்பிள்ளையும்
ஒருவரை ஒருவர் இன்னும் பார்க்கவில்லை.

ஒப்பந்தம் எழுதிய அன்று எங்கள் விற்பனையாளர்
'எல்லாம் முடியும்' என்று கைகுலுக்கிப் போனார்.
அந்த 'எல்லாம்' என்ற சொல்லைத்தான்
அன்றிலிருந்து அரிந்துகொண்டிருக்கிறேன்:
இது இப்போது, இது ஜூனில்,
இது தனிக் காசு,
இது ஒருபோதும் இல்லை.
ஓம் என்ற சொல்லோடு பிறந்த எனக்கு
இல்லை என்பதற்குத்தான் சம்பளம்.

ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும்
அரிசி அளவில் ஒரு சிப் தைத்தாயிற்று.
வாசலைக் கடக்கையில் அது தன் எண்ணைத் தானே சொல்லும்.
திங்கள் காலை ஆறு மணிக்கு லைவ்.
ஞாயிறு இரவு பத்தே முக்காலுக்கு
பழைய பேரேட்டில் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பத்திரண்டு.
திரையில் பதினெட்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தாறு.

குறைந்திருந்தால் திருட்டு என்று எழுதலாம்.
கூடியிருந்தது.

'டூப்ளிகேட்டா இருக்கும்க்கா, அழிச்சிடட்டுமா?'
அங்கே விடிய இன்னும் நேரமிருந்தது; கொட்டாவியோடு வளர்மதி.
பொறு என்றேன்.
இந்த வேலையில் நான் சொன்ன
ஒரே உருப்படியான சொல் அதுதான் போலிருக்கிறது.

ஆறாம் உலர்த்திக்குப் பின்னால்
வெந்நீர்க்குழாய் ஓடும் சுவரோரம்
நெஞ்சுயரத்துக்கு மடித்து அடுக்கியிருந்தன.
கிழிந்ததென்று கழித்த விரிப்புகள்;
கிழிசல் தைக்கப்பட்டு,
மற்றவற்றைவிட வெள்ளையாக.

மதாம் ஒடீல் ஜான்ரே கையுறையைக் கழற்றாமல் சொன்னார்:
காய்ச்சல் காலத்தில் இரவு மூன்று மணிக்கு
ஏதாவதொரு வார்டு கூப்பிடும்.
படிவம் நிரப்ப ஆளிருக்காது.
வண்டிக்காரன் வந்து எடுத்துப் போவான்.
திரும்பி வந்தால் வரும்.
பத்தொன்பது வருஷமாக இப்படி.

ஏன் பெப்ரவரிக் கூட்டத்தில் சொல்லவில்லை?

கூட்டம் ஜெர்மனில் நடந்தது, மதாம்.

மூன்றாம் வரிசையில், ஜன்னலோரம்,
நீல ஸ்வெட்டரில் அவர் இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.
நான் எழுதிய கூட்டக்குறிப்பும் ஞாபகம் வந்தது.
கடைசி வரி: அனைவருக்கும் சம்மதம்.

இயக்குநர் ஏஷ்லிமானை எழுப்பினேன்.
திங்கள் இல்லை, வியாழன் என்றேன்.
யாருடைய தவறு என்றார்.
மென்பொருள் என்று சொல்லியிருக்கலாம்.
மென்பொருள் மறுத்துப் பேசாது.
வளர்மதி என்றும் சொல்லியிருக்கலாம்;
அவளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டிருக்காது.
என்னுடையது என்றேன்.
நெடுநேரம் அவர் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு, வியாழன் எத்தனை மணிக்கு என்றார்.

செவ்வாய்க் கூட்டம் பிரெஞ்சில் நடந்தது.
மதாம் ஜான்ரே நாற்பது நிமிடம் பேசினார்.
ஏஷ்லிமான் தன் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
புதிதாக ஒரு கட்டம் சேர்ப்பதென்று முடிவு,
அதற்கு என்ன பெயர் என்பதில்
இரண்டு மொழிகளும் ஒத்துப்போகவில்லை.
தற்காலிகமாகத்தான் என்று வளர்மதி
தமிழில் ஒரு சொல்லைப் போட்டுவைத்தாள்.

வியாழன் ஆறு மணிக்கு
வண்டிகள் வாசலைக் கடந்தன.
திரையில் ஜெர்மன், பிரெஞ்சு,
நடுவில் தனியாக,
கையிருப்பு: 214.

அதைப் பிழை எண் முந்நூற்று ஒன்று என்று பதிந்திருக்கிறேன்.
அவசரம்: குறைவு.
பொறுப்பு: என் பெயர்.
இன்னும் மூடவில்லை.
போன கிழமை வண்டிக்காரன் ஒருவன்
அந்தச் சொல்லை எழுத்துக்கூட்ட முயன்று
பாதியில் சிரித்துவிட்டு
எட்டு விரிப்புகளை எடுத்துக்கொண்டு போனான்.