எஞ்சின்களை நிறுத்திய நேரம்

கிரேன் ஓட்டியவன் நான். ஓய்வுபெற்ற பின்
வேதம் படிக்கிறேன், காதில் செருகிய பென்சிலோடு.
கேட்டால் கிடைக்குமாம், தட்டினால் திறக்குமாம் ஓரிடத்தில்.
இன்னோரிடத்தில், மன்றாட்டு நுழையாதபடி
மேகத்தால் தன்னை மூடிக்கொண்டாராம்.
இரண்டின் ஓரத்திலும் கோடு போட்டு
பாதிரியார் சஹாக்கிடம் காட்டினேன்.
"இரண்டும் உண்மை" என்றார். தேநீர் ஊற்றினார்.

ஷிராக் சமவெளியில் அந்த டிசம்பர்.
நான்கு மாடிப் பள்ளி ஓர் ஆள் உயரத்துக்குக் கிடந்தது.
மணிக்கொரு தரம் யாராவது கையை உயர்த்துவார்கள்,
எல்லா எஞ்சின்களும் அணையும்.
அழுதுகொண்டிருந்தவர்கள்கூட வாயைப் பொத்திக்கொள்வார்கள்.
பனி விழுவது கேட்கும் என்பதெல்லாம் பொய்,
என் ரத்தம் ஓடுவதுதான் கேட்டது.
அப்புறம், கீழே எங்கோ,
டொக். டொக்.

மூன்றாம் நாள் வெளியே வந்த நுஷிக்
முதலில் என்னைத்தான் திட்டினாள்:
"சத்தம் இருந்தவரை நம்பியிருந்தேன்.
நிறுத்தினீர்களே, போய்விட்டீர்கள் என்று நினைத்தேன்."
உன்னைக் கேட்கத்தானே மகளே,
கேட்கத்தானே நிறுத்தினோம்.

இதைச் சொன்னதும் பாதிரியாரின் முகம் மலர்ந்தது.
ஞாயிறு பிரசங்கத்துக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்றார்.
எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால்
ஆர்ஷாக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.
அதே வகுப்பு, அடுத்த பெஞ்சு.
ஐந்தாம் நாள் அவனை எடுத்தபோது
கைக்குள் ஒரு செங்கல் துண்டு.
தலைமாட்டில் ஓடிய இரும்புக் குழாயில்
புதிய வடுக்கள். எண்ணத் தொடங்கினேன்,
நாற்பதுக்கு மேல் எண்ணவில்லை.

எங்கள் காதில் விழவே இல்லை.
நிறுத்தித்தான் இருந்தோம்.