மாதிரி எண் பதினான்கு

ஊதா இதழில் யாரோ
சுண்ணாம்பு விரலால் இழுத்துவிட்டதுபோல்
வெள்ளைக் கீறல்.
தவளக்குப்பம் நர்சரியில்
அந்தத் தொட்டிகளுக்கு மட்டும் இருபது ரூபாய் அதிகம்.
"புது ரகம்ங்க, பெங்களூர்லகூட கெடையாது"
என்றார் தேசிங்கு.
வாங்கிப் போனவர்கள் மறுவாரம் வந்து
இன்னும் இரண்டு கேட்டார்களாம்.

நான் பூவை விட்டுவிட்டு இலையைத் திருப்பினேன்.
நரம்போரம் மஞ்சள், விளிம்பில் சுருக்கம்,
அடியில் நாலைந்து அசுவினி
கடலூர் பஸ்ஸில் இடம் கிடைத்தவர்களைப்போல
அசையாமல்.

ஐஸ் பெட்டியைக் காலாப்பட்டு வரை
மடியிலேயே வைத்திருந்தேன்.
கண்டக்டர் கேட்டார், மீனா?
ஆமாம் என்றேன்.

பீங்கான் குழியில் அரைத்து
ஒரு சிட்டிகை மணல்தூள் தூவி
சக்கரவர்த்திக்கீரை இலையில் சாற்றைத் தேய்த்தேன்.
ஐந்தாம் நாள் அம்மை போட்டதுபோல் புள்ளிகள்.
எலக்ட்ரான் நுண்ணோக்கியில்
வளைந்த நூல்கள்,
தையல்கடைத் தரையில் பெருக்காமல் விட்டவை.

பிறகு எழுத்துகள்.
நான்கே எழுத்து, ஒன்பதாயிரத்து எழுநூறு தடவை.
உலகப் பட்டியலோடு ஒத்துப் பார்த்ததில்
எழுபத்தோரு விழுக்காடு எதற்கோ தூரத்து உறவு.
மீதி இருபத்தொன்பது
யாருக்கும் சொந்தமில்லை.

இரவு பதினொன்றேகால்.
நானும் ஃப்ரீசரின் முனகலும்.
எழுந்தேன், உட்கார்ந்தேன்,
வீட்டுக்குப் போன் போட்டு
சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேட்டேன்.

பெயர் வைக்க வேண்டும்.
செடி, அறிகுறி, சில சமயம் ஊர்.
தேசிங்கு கைகூப்பினார்:
"ஊர் பேரைப் போட்டுடாதீங்கம்மா.
தண்ணி ஏறினப்ப டிவியில ஊரைச் சொன்னான்,
ஆறு மாசம் ஒரு கார் நிக்கல."

நானூற்றுப் பன்னிரண்டு செடி.
அவர் பிடுங்க, அஞ்சலாட்சி எண்ணிக்கொண்டே வந்தாள்.
முற்றிய காசித்தும்பைக் காய்
தொட்டால் பொறுக்காது.
தொட்டதெல்லாம் வெடித்தது.
சட்டையில், தலைமயிரில், பக்கத்துப் பாத்தியில்
விதை, விதை.
நூற்று எழுபதில் கணக்கு தவறி
அஞ்சலாட்சி சிரித்துவிட்டாள்.
அவர் சிரிக்கவில்லை.
குழிக்குள் தீக்குச்சி கிழித்துப் போட்டார்,
பச்சைச் செடி, பிடிக்கவில்லை.

காசித்தும்பை இதழ்க்கீறல் வைரஸ்
என்று படிவத்தில் எழுதினேன்.
இடம் என்ற கட்டத்தில்
புதுச்சேரிக் கடலோரம்.
பொய்யில்லை.

அன்றிரவு துப்பட்டா மடிப்பில் ஒரு விதை,
கடுகைவிடச் சற்றே பெரிது.
விதைவழி இது போகுமா
என்பது யாரும் இன்னும் எழுதாத பத்தி.
வலைக்கூண்டுக்குள் தொட்டி வைத்து ஊன்றி
சீட்டில் தேதி குறித்தேன்.

முதல் இரண்டு இலையும் பச்சை.
பூக்க இன்னும் நாற்பது நாள்.