லக்கேஜ் ஒன்று

நாகலூரிலிருந்து இறங்கும் கடைசி வண்டியின்
பின்சீட்டில் யாரோ விட்டுப்போன கூண்டு.
தொலைந்த பொருள் பதிவேட்டில்
ஒரு குடைக்கும் டிபன் கேரியருக்கும் நடுவே
'கிளி, சாம்பல் நிறம், கன்னம் ஆரஞ்சு, உயிருடன்'
என்று எழுதினார் டைம்கீப்பர் அப்பாதுரை.
பதினோரு நாள் எவரும் வரவில்லை.
குடைக்குக்கூட ஆள் வந்தது.

கோரிமேட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
காக்கட்டீல் என்றார் டாக்டர், காலைத் திருப்பிப் பார்த்து.
உள்ளங்காலில் மிளகளவு சிவப்பு.
கூண்டோடு வந்த இரண்டு பிளாஸ்டிக் குச்சிகளும்
ஒரே தடிமன், ஒரே வழவழப்பு.
"நாள் முழுக்க ஒரே இடத்தில் அழுந்தினால்
உங்கள் கால் என்ன ஆகும்?"
ஒரு கண்டக்டரிடமா கேட்பது.
செருப்பைக் கழற்றிக் காட்டவில்லை,
சீட்டை வாங்கிக்கொண்டேன்:
களிம்பு. கொய்யாக் கிளை, அல்லது காப்பி. மருந்தடிக்காதது.

கவாத்து முடிந்த வாரம்.
செம்மடுவில் விறகுக்கட்டோடு ஏறும் ஃபிலோமினாள்
எவ்வளவு தடிமன் என்று கேட்டாள்.
நான் தலைக்கு மேலிருந்த கம்பியைத் தொட்டேன்.
"அது ஆள் தொங்குறதுக்கு.
கிளிக்குச் சொல்லு."
சுண்டுவிரலைக் காட்டினேன். பிறகு கட்டைவிரலை.
ஒண்ணு மெலிசு, ஒண்ணு முண்டு, ஒண்ணு கோணல் என்று
ஓடும் வண்டியில் கட்டைப் பிரித்துப் பொறுக்கித் தந்தாள்.
அடிவாரத்தில் செக்கிங் நிற்பார்கள்;
மூன்று குச்சிக்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டேன்,
என் காசில்.

கொதிநீரில் கழுவி, மூன்று நாள் மாடி வெயில்.
பட்டையை உரிக்கவில்லை,
அதைக் கிழிப்பதுதான் அவன் உத்தியோகம்.

எங்கே மாட்டுவது?
யார் எங்கே நிற்பார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.
வளைவில் வாந்தி எடுப்பவர் தலைக்குக் கீழே
சாப்பாட்டுக் கூடை வைக்கக் கூடாது.
ஆகவே தண்ணீர்க் கிண்ணத்துக்கு நேர்மேலே குச்சி இல்லை.
முன்சீட்டு நெருங்கினால் முழங்கால் இடிக்கும்.
ஆகவே வாலுக்கு ஒரு சாண் விட்டு.
மெலிசு, தீனிக்கு எதிரே. முண்டு உச்சியில், தூங்க.
கோணல் நடுவே;
அதன் ஒரு முனையில் நட்டு சரியாக ஏறவில்லை,
லேசாக ஆடியது. நாளைக்குப் பார்க்கலாம்.

மூன்றையும் அவன் சீண்டவில்லை.
கம்பியைக் கவ்விப் பக்கவாட்டில் தொங்கினான்,
காலேஜ் நேரத்துப் படிக்கட்டுப் பையனைப் போல,
கொண்டையை விறைத்துக்கொண்டு, இரண்டு நாள்.
"உள்ளே போ, உள்ளே எவ்வளவு இடம் கிடக்கு!"
வாய்தவறிக் கத்திவிட்டேன்.
மாடிவீட்டு ஹசீனா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

மூன்றாம் இரவு, கடைசி டிரிப் முடித்து
ஸ்பேனரோடு வந்தேன்.
போன் வெளிச்சத்தை உள்ளங்கையால் பாதி மூடிப் பார்த்தால்
உச்சியில் இல்லை.
ஆடுகிற கோணலின் மேல்
ஒரு காலை வயிற்றுப் பூவுக்குள் மடித்துக்கொண்டு
தூங்குகிறான்.
மின்விசிறிக் காற்றுக்குக் கிளை அசைகிறது;
மற்ற கால் தானாக இறுகுகிறது, தளர்கிறது.
பத்தொன்பதாம் வளைவில் நானும் அப்படித்தான்,
இடுப்பைச் சீட்டில் முட்டுக்கொடுத்து
இரண்டு கையாலும் சில்லறை எண்ணுவேன்.

இன்று டிபன் கேரியருக்கும் ஆள் வந்துவிட்டதாம்.
"உன் உருப்படி மட்டும்தான் பாக்கி,
கணக்கை முடிச்சிடவா?" என்றார் அப்பாதுரை.
கொஞ்ச நாள் கிடக்கட்டும் என்றேன்.
மிளகு கடுகாகியிருக்கிறது.
ஸ்பேனர் இன்னும் சட்டைப்பையில்.