பழுது காணப்படவில்லை

திங்கட்கிழமைதான் பார்சல் அதிகம்.
வார இறுதியில் எல்லோரும் சுட்டுப் பார்த்திருப்பார்கள்.
நூற்று எழுபது டாலர் கைத்துப்பாக்கி,
ஆயுள் முழுக்க உத்தரவாதம்.
யாருடைய ஆயுள் என்று
அட்டையில் அச்சடிக்கவில்லை.

இண்டியானாவில், மன்சி ஊருக்கு வெளியே
தகரக் கூரைத் தொழிற்சாலை.
அதில் கடைசி மேசை என்னுடையது.
புதிதாய்ப் போகிறவற்றை நான் பார்ப்பதில்லை,
திரும்பி வருகிறவை மட்டும்.
கூடவே காகிதங்கள்.

"மூன்றாவது தோட்டாவில் சிக்குகிறது."
"தகர டப்பாவைச் சுடும்போது சிக்குவதே இல்லை."
"என் மருமகன் சிரிக்கிறான்."
டெல்ஃபீன் ஓகாசெக், பெட்ரோல் பங்கில் இரவு வேலை:
"வெற்றுறை வெளியே போகாமல்
புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நின்றது.
வந்தவன் அதைப் பார்த்துச் சிரித்தான்.
சிரித்துவிட்டுப் போய்விட்டான்.
அடுத்து வருகிறவன் சிரிப்பானா, தெரியாது."

உருக்கில் கடைந்தால் நானூறு டாலர் ஆகும்.
நாங்கள் துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றுகிறோம்,
கேக் ஊற்றுவது போல.
ஒரு முறை கேட்டேன்.
ராய்ஸ் டாக்கெட், மேற்பார்வை, காபியை ஊதிக்கொண்டே சொன்னார்:
"நானூறு வைத்திருப்பவன் நம்மிடம் வரமாட்டான்.
இல்லாதவன் வீட்டிலும் இருட்டத்தானே செய்யும்?"
பதில் சொல்ல முடியவில்லை.
நானும் வாங்கியது இதைத்தான்,
ஊழியர் தள்ளுபடியில்.

தோட்டா ஏறும் சரிவைத் தேய்த்து மெருகேற்றுவேன்.
மகசீன் சுருளை மாற்றுவேன், இரண்டு டாலர் சுருள்.
மணல் பீப்பாய்க்குள் இரண்டு மகசீன் சுட்டு
படிவத்தில் எண் போடுவேன்:
நான்கு என்றால் சிக்கல், ஏழு என்றால் ஊசி.

டிசம்பரில் கொகொமோவிலிருந்து ஒன்று வந்தது.
பென்சில் எழுத்து, அழுத்தி எழுதியது.
"நன்றி நாள் இரவு. அப்பாவின் டிராக்டர் யாருக்கு என்று பேச்சு.
என் தம்பியை நோக்கி ஒரே ஒரு முறை விசையை இழுத்தேன்.
டிக் என்றது.
அவன் இன்று காலை வேலைக்குப் போயிருக்கிறான்.
என்ன பழுது என்று மட்டும் சொல்லுங்கள்.
சரிசெய்ய வேண்டாம்.
ஆட்டிஸ் ப்ரம்பா."
கூடவே அந்தத் தோட்டா. அனுப்பக் கூடாது, அனுப்பியிருந்தார்.
அதன் அடியில் ஒரு சின்னப் பள்ளம்,
நகத்தால் கிள்ளியது போல.

பிரித்துப் போட்டுப் பார்த்தேன்.
ஊசி சரி. சுருள் சரி. அழுக்குகூட இல்லை.
மணலில் பதினாறு சுட்டேன், பதினாறும் போனது.
மதியச் சாப்பாட்டுக்குப் பின் இன்னும் பதினாறு.
எங்கள் தயாரிப்பில் இத்தனை ஒழுங்கை
நான் பார்த்ததே இல்லை.
பதினேழாவதாய் அவர் தோட்டாவைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.
போடவில்லை.

பழுது காணப்படவில்லை என்பதற்கு எண் பூஜ்யம்.
பூஜ்யத்தில் விரலை வைத்தேன்.
அவர் அதைச் சமையலறையில் நின்று படிப்பார்.
தம்பி உயிரோடு இருப்பதற்கு
ஒரு காரணமும் இல்லை என்று படிப்பார்.

அரத்தை எடுத்தேன்.
ஊசி முனையில் ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை,
தோட்டாவை எட்டாத அளவுக்கு.
பிறகு எழுதினேன்:
"ஏழு. ஊசி குட்டை. இது எப்போதும் சுடாது,
யாருக்கும் கொடுக்காதீர்கள், இதை நம்பாதீர்கள்."
எழுதும்போது அது உண்மையாகியிருந்தது.

ராய்ஸ் நிமிர்ந்து பார்க்காமலே முத்திரை குத்தினார்:
சோதித்து அனுப்பப்பட்டது.

டெல்ஃபீனுடையது இன்னும் என் மேசையில்.
அறுபது சுட்டுவிட்டேன்.
அறுபதும் போகிறது.
அவளுக்கு இரவு பதினொன்றுக்கு வேலை தொடங்கும்.
இன்னொரு பெட்டித் தோட்டா கேட்டு
படிவம் நிரப்புகிறேன்.